31ஆம் வரிசையில் ஓர் அம்மா

கேள்வி: என் வயது 31. சென்னை அம்பத்தூரில் அம்மா, மனைவி, நான்கு வயது மகளோடு இருக்கிறேன். வீடு அப்பா கட்டியது. அவர் காலமான பிறகு அம்மா பேரில் இருக்கிறது. எனக்கு மென்பொருள் வேலை, கைக்கு 96,000 ரூபாய் வருகிறது. மனைவி ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 52,000 வாங்குகிறார். மாதம் 62,000 செலவு போக 86,000 மிஞ்சுகிறது. இருவருடைய பி.எஃப். பிடித்தமும் நிறுவனங்கள் போடுவதும் சேர்த்து 17,800; அது கைக்கு வராத பணம் என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை. இப்போது சிங்கப்பூரில் 7,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. மனைவிக்குச் சம்மதம்தான், வேலையை விட்டுவிடுவார். வாடகை 2,900 உட்பட 5,100 வெள்ளி செலவாகும் என்று எக்செல்லில் 44 வரிசை போட்டு ஒப்பிட்டிருக்கிறேன், இணைத்துள்ளேன். அம்மா ஒசூரில் தம்பி வீட்டில் இருந்துகொள்வார், வீட்டை வாடகைக்கு விட்டால் 18,000 வரும். தம்பி மனைவிக்கு மார்ச்சில் பிரசவம், அம்மா போனால் அவர்களுக்கும் உதவியாக இருக்கும். இந்தச் சம்பளம் போதுமா? நான் விட்டுவிட்ட செலவு ஏதாவது உண்டா? பதினைந்து நாளில் நிறுவனத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பதில்: 44 வரிசையையும் படித்தேன். மின்சாரம், தண்ணீர், எம்ஆர்டி ரயில் கட்டணம், சிங்கப்பூர் தேக்கா சந்தையில் முருங்கைக்காய் விலை வரைக்கும் போட்டிருக்கிறீர்கள். முருங்கைக்காய்க்குத் தனி வரிசை கொடுத்த மனிதர் பெற்றவளுக்கு ஒரு வரிசை கொடுக்கவில்லையே என்று முதலில் நினைத்தேன். அப்புறம்தான் கண்ணில் பட்டது. அம்மா இரண்டு இடத்தில் இருக்கிறார். வரிசை 9: "சமையல், குழந்தையைப் பார்த்துக்கொள்வது: 0 (அம்மா)". வரிசை 31: "வீட்டு வாடகை வரவு: 18,000".

அம்மா வீட்டில் இருந்தால் பூஜ்ஜியம். வீட்டைவிட்டுப் போனால் பதினெட்டாயிரம்.

நீங்கள் இதை வேண்டுமென்று எழுதவில்லை என்று தெரிகிறது. வேண்டுமென்று எழுதியிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. போகிற போக்கில், பால் பாக்கெட்டுக்கும் பெட்ரோலுக்கும் நடுவில் எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் அந்தப் பூஜ்ஜியத்தைப் பார்ப்போம். காலை முதல் சாயங்காலம் வரை குழந்தையைப் பார்த்துக்கொண்டு, இரண்டு வேளை சமைக்கவும் ஓர் ஆள் வேண்டும் என்று அம்பத்தூரில் விசாரித்துப் பாருங்கள். பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்பார்கள். சிங்கப்பூரில் இதே வேலைக்குப் பணிப்பெண் வைத்தால், அவருக்குச் சம்பளம் கொடுப்பதற்கு முன்னாலேயே, உங்களைப் போன்ற வெளிநாட்டுக்காரர் அரசுக்குக் கட்டும் தீர்வை மட்டும் மாதம் 300 வெள்ளி. ஒரு வெள்ளிக்கு நீங்கள் போட்டிருக்கும் 68 ரூபாய் விலையில் 20,400. அம்மாவின் வேலைக்குச் சிங்கப்பூர் அரசு வைத்திருக்கும் வரியே உங்கள் அம்பத்தூர் வாடகையைவிட அதிகம். உங்களுக்கும் மனைவிக்கும் சேர்த்து 1,48,000 சம்பளம் வருவதே, நீங்கள் இருவரும் எட்டு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பும்போது உள்ளே ஒருத்தர் இருப்பதால்தான்.

இப்போது வரிசை 31. அந்த வீடு யாருடையது? அம்மா பேரில் இருக்கிறது என்று முதல் நான்கு வரிக்குள் நீங்களே எழுதிவிட்டீர்கள். வாடகை ஒப்பந்தத்தில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். வாடகை அவர் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். அது அவருடைய வருமானம். உங்கள் ஷீட்டில் அது உங்கள் வரவுப் பத்தியில் உட்கார்ந்திருக்கிறது. அம்மாவிடம் கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. "இருந்துகொள்வார்" என்று இருக்கிறது. யார் முடிவு பண்ணியது?

ஒசூரில் அவருக்கு என்ன வேலை காத்திருக்கிறது என்பதையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள்: மருமகளின் பிரசவம். நாளைக்கு உங்கள் தம்பியும் ஓர் எக்செல் போடுவார். அதிலும் வரிசை 9 இருக்கும்.

என் பெரியம்மா இப்படித்தான் சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மகன் வீட்டுக்குப் போனார். மருமகள் தங்கமான பெண், அவளை ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் போன புதிதில் நான்கு நாள் பெரியம்மா காலைக் காபி குடிக்கவில்லை. காபிப்பொடி எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியவில்லை. மருமகள் எழுந்திருக்க ஏழு மணியாகும். அடுத்தவள் அடுப்படியில் டப்பா டப்பாவாகத் திறந்து பார்க்கக் கூச்சம். நாற்பது வருஷம் விடியற்காலையில் இருட்டிலேயே கையை நீட்டி டிகாக்‌ஷன் போட்டவர். ஐந்தாம் நாள் என்னிடம் போனில், ரகசியம் சொல்வது போல, "அதை எப்படிக் கேட்கிறதுன்னு தெரியலடி" என்றார். கை கால் நன்றாக இருக்கும்வரை ஒரு பெண்மணியை அவள் வீட்டு அடுப்படியிலிருந்து கிளப்பக் கூடாது என்பது என் கட்சி. பழைய கட்சிதான். மாற்றிக்கொள்வதாக இல்லை.

அம்மாவையும் சிங்கப்பூருக்கே கூட்டிப்போகலாமே என்று பிற வாசகர்கள் எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். மனைவி, குழந்தையைக் கூட்டிப்போக மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும், உங்களுக்கு இருக்கிறது. பெற்றோரை நீண்ட நாள் தங்கவைக்க 12,000 வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து பேத்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அவ்வளவுதான்.

சரி, கேட்டதற்கு வருவோம். விட்டுப்போன செலவு உண்டா? உண்டு. ஆனால் அதற்கு முன்னால் ஷீட்டின் உச்சியிலேயே ஒரு தப்பு. 7,500-ஐ 68-ஆல் பெருக்கி 5,10,000 என்று தடித்த எழுத்தில் போட்டு, பக்கத்தில் 96,000 போட்டு, "5.3 மடங்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அங்கே வெள்ளியில் சம்பாதித்து வெள்ளியில் செலவழிக்கப் போகிறீர்கள். ஊருக்கு அனுப்பும் மிச்சம் மட்டும்தான் ரூபாயாகும். ஆகவே பெருக்க வேண்டிய இடம் கடைசி வரிசை. பக்கத்தில் வைக்க வேண்டியதும் உங்கள் ஒருவர் சம்பளத்தை இல்லை, குடும்பத்தின் மிச்சத்தை.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்கிறேன். அங்கே மிச்சம் 2,400 வெள்ளி, அதாவது 1,63,200 ரூபாய். இங்கே 86,000. வித்தியாசம் 77,200. அங்கே வருமான வரியை மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்க மாட்டார்கள். அடுத்த வருஷம் மொத்தமாகக் கணக்கு வரும். அதனால்தான் உங்கள் ஷீட்டில் வரிக்கு வரிசையே இல்லை. ஆண்டுக்கு 90,000 வெள்ளிக்கு, மனைவி, குழந்தைக்கான வரிக் கழிவெல்லாம் போக, 3,700 வெள்ளி போல வரும். மாதத்துக்கு 21,000 ரூபாய். வித்தியாசம் 56,000-க்கு இறங்கிவிட்டது. அப்புறம் அந்த "கைக்கு வராத" 17,800. அங்கே குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான் நம் பி.எஃப். போன்ற மத்திய சேமநிதி. வேலை அனுமதியில் போகிறவருக்கு நிறுவனம் ஒரு காசு போடாது. முதுமைக்குச் சேரும் பணத்தைக் கணக்கில் காட்டாமல் விட்டால் அது இல்லையென்று ஆகிவிடுமா? வித்தியாசம் 38,000 சொச்சம். வருஷத்துக்கு ஒரு தடவை மூன்று பேரும் ஊருக்கு வந்து போக மாதம் ஏழாயிரம் எடுத்து வையுங்கள். 31,000.

ஐந்தேகால் மடங்கு என்று ஆரம்பித்தோம்.

இதிலும் நான் இன்னும் குழந்தையைத் தொடவில்லை. பாலர் பள்ளி என்ற வரிசையில் "0 (மனைவி)" என்று இருக்கிறது. இங்கே அம்மா பூஜ்ஜியம், அங்கே மனைவி பூஜ்ஜியம். உங்கள் ஷீட்டில் சம்பளம் வாங்காத பெண் எல்லாருக்கும் ஒரே எண்தான் போலிருக்கிறது. இன்று 52,000 வாங்குகிறவர், சார்ந்தவர் என்ற அனுமதியில் அங்கே போனால் வேலை பார்க்க முடியாது. 2021 மே மாதத்திலிருந்து அவரும் தனியாக ஒரு வேலை அனுமதி வாங்கியாக வேண்டும். இது அவருக்குத் தெரியுமா? தெரிந்துதான் சம்மதித்தாரா? "மனைவிக்குச் சம்மதம்தான்" என்பதில் உள்ள அந்த "தான்" எனக்குப் பிடிக்கவில்லை. கூடுமானால் அடுத்த கடிதத்தை அவரை எழுதச் சொல்லுங்கள்.

இரண்டு மூன்று வருஷத்தில் மகள் தொடக்கநிலை ஒன்றுக்கு, அதாவது ஒன்றாம் வகுப்புக்கு, போவாள். குடிமக்களின் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. நம் பிள்ளைகளுக்கு மாதம் பல நூறு வெள்ளி, அதுவும் மற்றவர்களுக்குப் போக இடம் இருந்தால். அரசு மருத்துவமனையிலும் வெளிநாட்டவருக்கு மானியம் கிடையாது. உங்கள் வகை அனுமதிக்கு நிறுவனம் மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, ஆகவே வேலைக் கடிதத்தில் காப்பீடு யாருக்கெல்லாம் என்று எழுதி வாங்குங்கள். வேலை போனால் அனுமதியும் போகும். பொதுவாக முப்பது நாள் கொடுப்பார்கள், அதற்குள் வேறு வேலை அல்லது விமானம். அந்த நாளில் ஒசூரில் அம்மா, அம்பத்தூரில் குடித்தனக்காரர், மனைவிக்கு வேலையில்லை. எங்கே வந்து இறங்குவீர்கள்?

உங்கள் ஷீட்டில் இல்லாத ஒரு பத்தியும் உண்டு: நீங்கள் மட்டும் போவது. ஓர் அறை, கடைச் சாப்பாடு என்று இருந்தால், மனைவியின் சம்பளமும் பி.எஃப்.பும் இங்கே அப்படியே இருக்க, இரண்டு வருஷத்தில் மிஞ்சுவது குடும்பத்தோடு போனால் மிஞ்சுவதைவிட மிக அதிகம். நான் அதைச் சிபாரிசு செய்யவில்லை. நான்கு வயதுக் குழந்தை அப்பாவைப் போன் திரையில் பார்த்து வளர்வது எனக்கு ஒப்பவில்லை. இரண்டு வருஷம் என்று போனவர்கள் இரண்டில் திரும்பியதையும் நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் பணம்தான் காரணம் என்று கடிதம் முழுக்கச் சொல்லிவிட்டு, பணம் அதிகம் மிஞ்சும் வழியை ஒப்பிட்டுக்கூடப் பார்க்கவில்லையே, ஏன்? ஒருவேளை பணம் மட்டும் காரணம் இல்லையோ? சிங்கப்பூரில் வேலை பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது என்றால் அதை அப்படியே சொல்லுங்கள், தப்பில்லை. ஆசைக்கு 44 வரிசை தேவையில்லை.

வரிசை 31-ஐ அழியுங்கள். அந்த இடத்தில், அம்மா அம்பத்தூர் வீட்டிலேயே இருப்பதற்கு என்ன செலவு என்று எழுதுங்கள்: பாதி நாள் வேலைக்கு ஓர் ஆள், ராத்திரித் துணைக்கு யாராவது, மாத்திரை, அவர் கையில் கேள்வி கேட்காமல் கொஞ்சம் பணம். மார்ச்சில் ஒசூர் போக வேண்டுமா என்பது அவர் இஷ்டம். போனாலும் வீட்டுச் சாவி அவர் பையில் இருக்கட்டும். அந்தச் செலவை 31,000-லிருந்து கழித்த பிறகும் போகலாம் என்று தோன்றினால், நிறுவனத்திடம் வீட்டு வாடகைப்படி, ஆண்டுக்கு ஒரு முறை விமானச் சீட்டு, குடும்பத்துக்கே காப்பீடு மூன்றும் கேளுங்கள். கொடுத்தால் போங்கள். மறுத்தால் என் பதில் வேண்டாம் என்பதே.

பதினைந்து நாளில் கடிதம் வந்து சேரவே நான்கு நாள் போயிருக்கும். இன்றைக்கே அம்மாவிடம் பேசுங்கள். அவர் அடுப்பு முன்னால் நிற்கும்போது பின்னாலிருந்து கேட்காதீர்கள். அடுப்பை அணைத்துவிட்டு, உட்காரவைத்துக் கேளுங்கள். லேப்டாப் வேண்டாம்.