ஐந்தாம் வசனத்தில் நின்றுபோன சங்கீதம்

கேள்வி: எனக்கு வயது 41. இரண்டு வருடங்களாக வேதத்தை ஆழமாகப் படித்துவருகிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. இரட்சிக்கப்படுகிறவர்களைத் தேவன் உலகத்தோற்றத்துக்கு முன்பே முன்குறித்துவிட்டார் என்றால் பிரசங்கம் எதற்கு? விசுவாசத்தினால் நீதிமான் என்கிறார் பவுல். கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்கிறார் யாக்கோபு. தகப்பனையும் தாயையும் வெறுக்காவிட்டால் எனக்குச் சீஷனாக முடியாது என்று இயேசுவே சொல்கிறார். குழந்தை ஞானஸ்நானம் செல்லாது என்று உணர்ந்து, போன வருடம் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தேன். என் தாயாருக்கோ குழந்தையில் தண்ணீர் தெளித்ததோடு சரி. அவருடைய கதி என்ன என்ற கவலை என்னை வாட்டுகிறது. அவருக்குக் கண் பார்வை போய்விட்டதால் தினமும் இரவில் சங்கீதம் வாசித்துக் காட்டுவேன். 51ஆம் சங்கீதம் 5ஆம் வசனத்தில் ஜென்மபாவத்தைப் பற்றி விளக்கத் தொடங்கியபோது, “விளக்கம் வேண்டாம் ஐயா, நீ வாசி” என்று சொல்லிவிட்டார். ஆரோக்கியமான உபதேசத்தைப் பொறுக்காத காலம் வரும் என்று எழுதியிருக்கிறதே! அதன்பிறகு நான் வாசிப்பதில்லை. என் மகன் போனில் ஆடியோ வேதாகமத்தைப் போட்டுவிடுகிறான். அது ஒருவிதத்தில் வசதியாகவும் போய்விட்டது. முரண்பாடுகளையெல்லாம் ஒரு நோட்டில் தொகுத்திருக்கிறேன். யாரிடம் தெளிவு பெறுவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கடிதம் ஏழு பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். ஏழில் ஆறு பக்கம் வசன எண்கள். இந்த மாதிரிக் கடிதத்தை உறையைப் பிரிக்கும்போதே கண்டுகொள்வேன். சிவப்பு மையில் அடிக்கோடு இருக்கும். சந்தேகம் வருவது இயல்புதான், கலங்காதீர்கள் என்று நான் தட்டிக்கொடுப்பேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்கு வேறு ஆளைப் பாருங்கள். ஏழு பக்கத்தில் என்னை உறுத்தியது முன்குறித்தலும் அல்ல, யாக்கோபும் அல்ல. “வசதியாகவும் போய்விட்டது” என்று போகிற போக்கில் எழுதினீர்களே, அதுதான்.

யாருக்கு வசதி?

கண் தெரியாத ஒரு தாய் இருட்டில் படுத்துக்கொண்டு முன்பின் தெரியாத ஒருவருடைய குரலில் சங்கீதம் கேட்கிறார். அவர் இருமினால் அந்தக் குரல் நிற்காது. அந்த வரியை இன்னொரு தடவை சொல் என்றால் திரும்பாது. பையன் போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டால் 52, 53, 54 என்று அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். எந்த இடத்தைத் தொட்டால் நிற்கும் என்று தெரியாமல் அவர் விழித்துக் கிடப்பார். (பையனைத் திட்டிவிடாதீர்கள். அந்த வீட்டில் பாட்டிக்கு ஏதோ செய்கிறவன் அவன் ஒருவன்தான்.) வசதி உங்களுக்கு. அந்த அரை மணி நேரமும் இப்போது நோட்டுக்குப் போகிறது, இல்லையா?

சரி, எந்த வசனத்தில் நிறுத்தினீர்கள் என்று பார்ப்போம். “இதோ, நான் துர்க்குணத்தில் உருவானேன், என் தாய் என்னைப் பாவத்தில் கர்ப்பந்தரித்தாள்.” வேதத்தில் இத்தனை ஆயிரம் வசனம் இருக்க, பெற்றவளின் கட்டிலருகே உட்கார்ந்து, இந்த வரியில் நிறுத்தி, ஜென்மபாவம் என்றால் என்ன என்று அவருக்கே பாடம் எடுத்திருக்கிறீர்கள். அந்தத் தாய் விளக்கம் வேண்டாம் என்று சொன்னதோடு விட்டாரே, அவர் பொறுமைசாலி. நானாக இருந்தால் விளக்கைக்கூட அணைக்கச் சொல்லியிருப்பேன்.

அந்தச் சங்கீதத்தின் தலைப்பைப் படித்தீர்களா? தாவீது பத்சேபாளிடத்தில் போனபின்பு, நாத்தான் தீர்க்கதரிசி வந்து முகத்துக்கு நேரே சொன்னபோது பாடியது என்று இருக்கிறது. பேசுகிறவன் தன்னைக் குற்றம் சாட்டிக்கொள்கிறான். தாயைக் கூண்டில் நிறுத்தவில்லை. நான் இன்று நேற்றுக் கெட்டவன் அல்ல, அடியிலிருந்தே இப்படித்தான் என்று குமுறுகிறான். அதிலிருந்து மனிதகுலம் முழுமைக்குமான ஒரு உபதேசத்தைக் கட்டியெழுப்பியவர்களில் முதன்மையானவர் வட ஆப்பிரிக்க ஆயர் அகஸ்டின். பிறவியிலேயே பாவம் ஒட்டிக்கொண்டு வருவதில்லை என்ற பெலாஜியஸ் என்பவரோடு ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவருக்கு நடந்த வாதம் அது. 418இல் வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் அகஸ்டின் பக்கம் நின்றார்கள். பாவத்தோடு பிறக்கும் குழந்தைக்கும் ஞானஸ்நானம் வேண்டும் என்பது அந்தத் தரப்பின் முடிவு. ஆனால் கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள், ஆதாமின் குற்றமே குழந்தைமீது ஏறுகிறது என்பதை அவர் சொன்ன விதத்தில் ஏற்றுக்கொண்டதில்லை. அப்படியிருந்தும் அவர்களும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். உங்கள் நோட்டில் “ஜென்மபாவம் — ஆகவே குழந்தை ஞானஸ்நானம்” என்று அம்புக்குறி போட்டிருப்பீர்கள். அம்புக்குறி அவ்வளவு நேராகப் போவதில்லை.

அந்த அகஸ்டினின் வீட்டுக் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். தாய் மோனிக்கா விசுவாசி. ஆனாலும் மகனுக்குக் குழந்தையில் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. சிறுவனாக நோயில் விழுந்தபோது கொடுக்கப் பார்த்தார்கள், பிழைத்துக்கொண்டதும் தள்ளிவைத்துவிட்டார்கள். வளர்ந்தபின் மகன் வேறு மார்க்கத்தில் போனான். தாய் ஒரு ஆயரிடம் போய், என் மகனோடு வாதாடி அவனைத் திருத்துங்கள் என்று கெஞ்சினார். அந்த ஆயர் மறுத்துவிட்டார்! அவனை விடுங்கள், ஜெபம் மட்டும் செய்யுங்கள், படித்துப் படித்து அவனே கண்டுகொள்வான் என்றார். கார்த்தேஜிலிருந்து ரோமுக்குக் கப்பல் ஏறும் இரவில் மகன் தாயிடம் பொய் சொல்லி, அவரைக் கரையில் விட்டுவிட்டு ஓடினான். தாய் கடல் கடந்து பின்னாலேயே போனார். கடைசியில் 387ஆம் ஆண்டு ஈஸ்டரில், தன் 32ஆம் வயதில், மிலானில் ஆயர் அம்புரோஸ் கையால் அகஸ்டின் ஞானஸ்நானம் பெற்றார். தாய் அதே ஆண்டு இறந்துபோனார். பிற்காலத்தில் தன் வாழ்க்கையை எழுதியபோது அந்தக் கப்பல் பொய்யை அவர் மறைக்கவில்லை; பாவமாகவே பதிவுசெய்தார். ஜென்மபாவத்தைப் பற்றி அத்தனை எழுதிய மனிதருக்கு, தாயைக் கரையில் விட்டுவந்த பாவமும் கணக்கில் இருந்தது. உங்கள் கணக்கில் இருக்கிறதா?

இனி அந்த “ஆரோக்கியமான உபதேசம்”. தாயார்மீது நீங்கள் வீசியது இரண்டாம் தீமோத்தேயு 4:3. வசனத்தை முழுதாக எழுதியிருக்கலாமே, ஏன் பாதியில் விட்டீர்கள்? மறுபாதியில் “செவித்தினவு” என்று ஒரு சொல் வருகிறது. காது தினவெடுத்து, தங்கள் ஆசைக்கு ஏற்ற போதகர்களைத் திரளாகச் சேர்த்துக்கொள்கிறவர்களைப் பற்றிய எச்சரிக்கை அது. எழுபது வருடமாக ஒரே சபை, ஒரே வேதாகமம் என்று இருக்கும் ஒரு மூதாட்டிக்கு எங்கிருந்து தினவு வரும்? இரவு ஒரு மணி வரை போதகர்களின் விவாத வீடியோக்களைப் பார்ப்பதாக நான்காம் பக்கத்தில் எழுதியிருக்கிறவர் நீங்கள்.

தகப்பனையும் தாயையும் வெறுக்கச் சொல்லும் லூக்கா 14:26ஐப் பற்றிக் கேட்டீர்கள். கடினமான வசனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த “வெறுப்பு” எபிரெயப் பேச்சுவழக்கிலிருந்து வருவது. ஆதியாகமம் 29ஐ எடுத்துப் பாருங்கள். யாக்கோபு (நிருபம் எழுதியவர் அல்ல, பழைய ஏற்பாட்டு யாக்கோபு) தன் இரு மனைவியரில் லேயாளைவிட ராகேலை அதிகமாக நேசித்தான் என்கிறது 30ஆம் வசனம். அடுத்த வசனத்திலேயே எபிரெய மூலம் லேயாள் வெறுக்கப்பட்டதாகச் சொல்கிறது. இரண்டில் ஒன்றுக்கு இரண்டாமிடம் கொடுப்பதை அந்த மொழி அப்படித்தான் சொல்லும். அதனால்தான் மத்தேயு 10:37இல் அதே போதனை “தகப்பனையாவது தாயையாவது என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன்” என்று வருகிறது. இயேசுவுக்கு முதலிடம். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நீங்கள் தாயாருக்கு இரண்டாமிடமாவது கொடுத்தீர்களா? இரண்டாமிடத்தில் நோட்டு உட்கார்ந்திருக்கிறது.

அந்த நோட்டில் மாற்கு 7ஆம் அதிகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். நிச்சயம் இருக்காது, ஏனென்றால் அதில் குழப்பமே இல்லை. தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டிய உதவியைக் “கொர்பான்”, அதாவது கடவுளுக்கென்று நேர்ந்துவிட்டேன் என்று சொல்லிக் கைகழுவியவர்களை இயேசு அங்கே பிடிபிடி என்று பிடிக்கிறார். கவனியுங்கள், அவர்கள் குடிகாரர்கள் அல்ல, ஊதாரிகள் அல்ல. வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்கள். பக்தியின் பெயரால்தான் பெற்றவர்களை விட்டார்கள். அந்த அரை மணி நேரத்தை உங்கள் தாயாரிடமிருந்து எடுத்து வேத ஆராய்ச்சிக்குக் கொடுத்தீர்களே, அதற்குப் பெயர் என்ன? பெற்றவளுக்குரியதைக் கொடுத்துவிட்டு மிச்ச நேரத்தில்தான் உபதேசச் சண்டை என்பது என் கட்சி. பழைய கட்சிதான். மாற்றிக்கொள்ளும் உத்தேசம் இல்லை.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாகவே சொல்கிறேன். பவுலும் யாக்கோபும் ஒரே ஆளோடு சண்டை போடவில்லை. விருத்தசேதனம் செய்தால்தான் உள்ளே விடுவோம் என்றவர்களோடு பவுல் மோதினார். உடுப்பும் ஆகாரமும் இல்லாதவனிடம், சமாதானத்தோடே போ, குளிர்காய்ந்து பசியாறு என்று வாயால் சொல்லி அனுப்புகிறவர்களோடு யாக்கோபு மோதினார். விசுவாசத்தினால் மட்டுமே இரட்சிப்பு என்ற சீர்திருத்தவாதி லூத்தரே இதில் தடுமாறியிருக்கிறார். 1522இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்றார். ஆனாலும் அதைக் கிழித்துப் போடவில்லை, கடைசிப் பக்கங்களுக்குத் தள்ளினார், அவ்வளவுதான்.

முன்குறித்தலைப் பற்றி ஆங்கிலேயப் பிரசங்கிகளான ஜான் வெஸ்லியும் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டும் மோதிக்கொண்டதைவிட உரக்க நீங்கள் மோதிவிடப்போவதில்லை. இருவரும் இளமையிலிருந்தே நண்பர்கள். கிருபை எல்லாருக்கும் உண்டு என்று வெஸ்லி 1739இல் பிரசங்கித்து அச்சடித்தார். தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்கே என்று ஒயிட்ஃபீல்டு மறுத்து எழுதி, அதையும் அச்சடித்தார். ஊரறிந்த சண்டை. கடைசிவரை இருவரும் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டு பேருமே பிரசங்கத்தை நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். 1770இல் ஒயிட்ஃபீல்டு இறந்தபோது, அவருடைய விருப்பப்படியே லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. முப்பது வருடக் கருத்து வேறுபாட்டுக்குப் பிறகும் நண்பனுக்கு மரியாதை செய்யப் போனார். நீங்கள் ஒரு வாக்கியத்துக்காகத் தாயின் கட்டிலருகே போவதை நிறுத்திவிட்டீர்கள்.

ஞானஸ்நானம். இதை லேசாகச் சொல்லிக் கடந்துவிட முடியாது. மனிதர்கள் இதற்காகச் செத்திருக்கிறார்கள். வயதுவந்தவர்களுக்கு மறுபடியும் ஞானஸ்நானம் கொடுக்கும் இயக்கத்தில் இருந்ததற்காக ஃபெலிக்ஸ் மான்ஸ் என்பவரை 1527 ஜனவரியில் சூரிச் நகர ஆட்சி லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. கொன்றவர்களும் சீர்திருத்தச் சபையார்தான், வெளியாட்கள் அல்ல. அப்போஸ்தலர் 16இல் லீதியாளும் அவள் வீட்டாரும், சிறைச்சாலைக்காரனும் அவனுடையவர்கள் அனைவரும் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று இருக்கிறது. அந்த வீடுகளில் கைக்குழந்தை இருந்ததா இல்லையா என்று அந்த அதிகாரம் சொல்லவில்லை. அந்த மௌனத்தின்மேல் இரு தரப்பும் வீடு கட்டியிருக்கிறது. உங்கள் மனச்சாட்சி முழுக்குக் கேட்டது, எடுத்தீர்கள். அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் தாயாரின் கதியைத் தீர்ப்பதற்கு உங்களை யாரும் நியமிக்கவில்லை. உங்களுக்கென்று விதித்திருப்பது வேறு, ஒன்று தீமோத்தேயு 5:8இல் இருக்கிறது: சொந்த ஜனங்களையும் விசேஷமாகத் தன் வீட்டாரையும் விசாரியாமற்போகிறவன் விசுவாசத்தை மறுதலித்தவன், அவிசுவாசியிலும் கெட்டவன். இதற்குக் கிரேக்க அகராதி தேவையில்லை. அவருடைய நித்தியத்தைப் பற்றிய கவலை உங்களை வாட்டுகிறது. அவருடைய இரவைப் பற்றிய கவலை வாட்டவில்லை. விசித்திரமான கவலை, தம்பி.

யாரிடம் தெளிவு பெறுவது என்றீர்கள். மூலமொழி கற்ற, சண்டைக்கு அலையாத ஒரு போதகரைத் தேடி மாதம் ஒருமுறை போங்கள். எல்லாக் கேள்விகளையும் கொட்டாதீர்கள்; ஒன்றே ஒன்றைக் கொண்டுபோங்கள். நோட்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது பகலுக்கு. தாயார் “விளக்கம் வேண்டாம்” என்றது உபதேசத்தை மறுத்து அல்ல. அவருக்கு வேண்டியிருந்தது உங்கள் குரல்.

51ஆம் சங்கீதத்தில் 19 வசனம். நீங்கள் நிறுத்திய இடத்துக்குப் பிறகு இன்னும் 14 இருக்கிறது. அவர் கேட்க ஆசைப்பட்டது அந்தப் பதினான்கையாகவும் இருக்கலாம்; சுத்த இருதயத்தைச் சிருஷ்டியும் என்பதும், நொறுங்குண்ட இருதயத்தைப் புறக்கணியீர் என்பதும் அதில்தான் வருகின்றன. இன்று இரவு போனைப் பையனிடமிருந்து வாங்கி வேறு அறையில் வைத்துவிட்டு, அவருடைய பழைய வேதாகமத்தையே எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். மன்னிப்புக் கேட்பதானால் ஒரு வாக்கியம் போதும், அதற்கும் வசனம் தேடாதீர்கள். விட்ட இடத்திலிருந்து வேண்டாம், முதல் வசனத்திலிருந்தே தொடங்குங்கள். ஐந்தாம் வசனம் வரும்போது நிமிர்ந்து பார்க்காமல் ஆறாவதுக்குப் போய்விடுங்கள்.