பௌத்தம் தழுவியவர் தனித்தொகுதியில் நிற்கலாமா?

கேள்வி: நான் ஆதிதிராவிடர். நாக்பூரில் தீட்சை பெற்றேன். இந்தியக் குடியரசுக் கட்சி சார்பில் சட்டமன்றத் தனித்தொகுதி ஒன்றில் நிற்க விரும்புகிறேன். பௌத்தன் என்பதால் மனு தள்ளுபடியாகும் என்கிறார்கள். உண்மையா? – செங்கல்பட்டு மாவட்ட வாசகர்

பதில்: இல்லை, தைரியமாக நில்லுங்கள். பட்டியல் சாதிகள் பற்றிய 1950-ஆம் ஆண்டு ஆணை முதலில் இந்துக்களை மட்டுமே ஏற்றது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். தீட்சையால் உங்கள் எஸ்.சி. தகுதி போகாது. திருத்தம் வந்து ஒரு தலைமுறை கடந்தும், "பௌத்தன்னா பி.சி.தானே?" என்று கேட்கும் அலுவலகங்கள் இருக்கின்றன. சென்னையின் தலித் தலைவர் என். சிவராஜ் முதல் தலைவராக இருந்த குடியரசுக் கட்சிக்காரரிடமே இதைக் கேட்பது பொறுக்க முடியாத அறியாமை.

மனு கெடுவது பெரும்பாலும் நிரப்பும்போதுதான். சட்டமன்ற வேட்புமனுவான படிவம் 2பி-யில் சாதி கேட்கும் இடத்தில் "பௌத்தர்" என்று எழுதாதீர்கள். அது மதம், பட்டியலில் உள்ள சாதி அல்ல. சாதியை உதறத்தானே தீட்சை பெற்றோம் என்ற வலி புரிகிறது. ஆனாலும் சான்றிதழில் உள்ளபடி "ஆதிதிராவிடர்" என்றே எழுதுங்கள். தீட்சைப் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறாதிருந்தால், பட்டியலில் உள்ள பெயரிலேயே மனு கொடுங்கள்.

வைப்புத்தொகை ரூ. 10,000-இல் பாதி, அதாவது ரூ. 5,000 கட்டினால் போதும். இங்கே உங்கள் கட்சிக்கு அங்கீகாரம் இல்லாததால் முன்மொழிபவர்கள் 10 பேர் வேண்டும். பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். ஒருவர் பக்கத்துத் தொகுதிக்காரர் என்றால் அந்த மனு போச்சு. நான்கு மனுக்கள் வரை தரலாம் என்பதால், வேறு பத்துப் பேரை வைத்து இன்னொன்றும் கொடுத்துவிடுங்கள்.

இனி முக்கியமான எச்சரிக்கை. குடியரசுக் கட்சி பல பிரிவுகளாகக் கிடக்கிறது. "பி ஃபார்ம் (நீங்கள்தான் கட்சியின் வேட்பாளர் என்று சொல்லும் படிவம்) வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். எந்தப் பிரிவு, தேர்தல் ஆணையத்தில் எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறது, வேட்பாளரை அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு என்று கட்சி தெரிவிக்கும் படிவம் ஏ-யில் கையெழுத்து அதிகாரம் யாருக்கு என்று கட்சித் தலைமையிடமே கேளுங்கள். ஏ, பி இரண்டும் பேனாவால் கையெழுத்திட்ட அசலாக, மனுத்தாக்கலின் கடைசி நாள் மாலை 3 மணிக்குள் தேர்தல் அதிகாரியிடம் சேர வேண்டும். நகல் செல்லாது. தீட்சை பெற்றவருக்குப் புதுச் சாதிச் சான்று எடுத்துத் தருவதாகச் சொல்லும் தரகரையும் நம்பாதீர்கள். பழைய சான்றே போதும்.

ஒரு விலக்கு உண்டு. உங்கள் குடும்பம் இடையில் கிறித்தவத்துக்குப் போய், சான்றிதழ் "கிறித்தவ ஆதிதிராவிடர், பி.சி." என்றிருந்தால் கதை வேறு. தீட்சை பெற்ற மறுநாளே எஸ்.சி. ஆகிவிட முடியாது. தாய்மதம் திரும்புவோர் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2015-இல் மூன்றைக் கேட்டது: மூதாதையர் பட்டியல் சாதியினர் என்பதற்கு ஆதாரம், மதம் மாறியது மெய் என்பதற்கு ஆதாரம், சமூகம் ஏற்றுக்கொண்டதற்கு ஆதாரம். உங்களிடமும் இவற்றைக் கேட்பார்கள் என்று எண்ணி ஆயத்தமாகுங்கள். வட்டாட்சியரிடம் எஸ்.சி. சான்று பெறாமல் மனு போடாதீர்கள்.

பரிசீலனை நாளில் 1990 திருத்தத்தின் நகலும் அசல் சான்றிதழும் கையில் இருக்கட்டும். எதிர்த்தரப்பு ஆட்சேபம் கிளப்பினால், பதில் தர அவகாசம் கேளுங்கள். பரிசீலனை நாளுக்கு அடுத்த இரண்டாம் நாள் வரை அவகாசம் தரச் சட்டத்தில் இடமுண்டு. கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள்.