மலைச்செடி சேகரிக்கும் முகாம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: தாவர ஆர்வலர் குழு ஒன்று மலையில் நான்கு நாள் முகாமிட்டு, அங்கே இயல்பாக வளரும் செடிகளைச் சேகரிக்கப் போகிறது. நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். தோட்ட வேலை நன்றாகத் தெரியும்; அறிவியல் பெயர்கள் தெரியாது. குழுவுக்குச் சுமையாகிவிடுவேனா? சில செடிகளை வேரோடு கொண்டுவந்து வீட்டில் வளர்க்கலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேரோடு எதையும் பெயர்த்து வர வேண்டாம். உயர்ந்த மலைகளில் செடி வளரக் கிடைக்கும் காலம் ஆண்டுக்குச் சில மாதங்களே என்பதால், பாறையோடு ஒட்டி மெத்தைபோல் படர்ந்திருக்கும் உள்ளங்கை அளவுள்ள ஒரு கொத்துக்குக்கூடப் பல பத்தாண்டு வயது இருக்கலாம். அதன் ஆணிவேர் கற்களின் இடுக்கில் ஆழமாக இறங்கியிருப்பதால் எவ்வளவு கவனமாகத் தோண்டினாலும் அறுந்துவிடும். ஆர்க்கிட் வகைகளுக்கு மண்ணிலுள்ள பூஞ்சையின் துணையும் தேவை. அந்தத் துணை தொட்டி மண்ணில் கிடைக்காது. இன்று பூத்திருப்பது சில மாதம் தாக்குப்பிடித்தபின் காய்ந்துபோவதைத் தோட்டக்காரரான நீங்கள் பார்க்க நேர்ந்தால் அது உங்களையே வருத்தும்.

வளர்க்கும் ஆசை இருந்தால் விதையின் வழியே செல்லுங்கள். அதற்குக் குழுவின் ஒப்புதலும் அனுமதியில் இடமும் இருக்க வேண்டும். விதை வங்கிகள் பின்பற்றும் நெறி ஒன்று உண்டு: அன்று முற்றியிருக்கும் விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை. அதையும் ஒரே செடியிலிருந்து பறிக்காமல் பல செடிகளிலிருந்து சிறிது சிறிதாக எடுப்பார்கள். காய்ந்த விதையைக் காகித உறையிலோ துணிப்பையிலோ வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

பெயர் தெரியாததைக் குறையாக எண்ணாதீர்கள். பெயரைப் பின்னர் வல்லுநர் கண்டுபிடித்துவிடுவார். அன்று அந்த இடத்தில் கண்ணால் கண்டதை யாராலும் பின்னர் கண்டுபிடிக்க முடியாது. சேகரித்த செடியை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டிவைப்பார்கள்; உலர்ந்தபின் பூவின் நிறம் மங்கும், மணம் போகும், கிள்ளினால் பால் வடிந்ததா என்பது தெரியாது, தாளில் ஒட்டிய ஒற்றைக் கிளையைக் கொண்டு அது முழங்கால் உயரப் புதரா ஆளுயர மரமா என்று சொல்லவும் இயலாது. ஆகவே, களக்குறிப்பு எழுதும் பொறுப்பை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாள், கடல்மட்டத்திலிருந்து உயரம், ஜி.பி.எஸ். காட்டும் இடக்குறி, சரிவு எந்தத் திசையை நோக்கியது, மண்ணா சரளையா, அருகில் வேறென்ன வளர்ந்தது, அந்த இடத்தில் இதே செடி எத்தனை இருந்தன என்பனவற்றைப் பறிக்கும்போதே எழுதிவிட வேண்டும். கூடாரத்துக்குத் திரும்பி எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால் இரண்டு சரிவுகள் நினைவில் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு மாதிரிக்கும் ஓர் எண் கொடுத்து, அதே எண்ணைச் சீட்டிலும் ஏட்டிலும் பென்சிலால் எழுதுங்கள்; பேனா மை ஈரத்தில் கரையும். இப்படிச் செடியை உலர்த்தித் தாளில் ஒட்டும் முறையை 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் தாவரவியலாளர் லூக்கா கினி தம் மாணவருக்குக் கற்பித்தார். அம்முறை இன்றும் பெரிதாக மாறவில்லை. பழைய தாள்களில் எழுதப்பட்ட நாளையும் இடத்தையும் கொண்டுதான், புவி வெப்பமாவதால் செடிகள் முன்கூட்டியே பூக்கின்றனவா என்று ஆய்வாளர்கள் இப்போது ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நாள் எழுதப்படாத தாள் இந்த ஆய்வுக்கு உதவாது; அதற்காகப் பறித்த செடி வீணானதுதான்.

கேள்வி: முகாமில் விடாமல் மழை பெய்தால் மாதிரிகளை எப்படி உலர்த்துவது?

பதில்: அழுத்துபலகையில் செய்தித்தாள்களுக்கு இடையே நெளிவுள்ள அட்டைகளை வைத்தால் அந்த இடுக்குகளின் வழியே காற்று ஓடும். உலர்த்துவது காற்றோட்டமே; நெருப்புக்கு அருகில் வைத்தால் இலை கருகி நொறுங்கும். ஈரத்தாளை முதல் நாளே மாற்றுங்கள். இலைகள் துவண்டிருக்கும் அந்த நேரத்தில்தான் அவற்றைச் சீராக விரிக்கலாம். அடிப்பக்கம் தெரியும்படி ஓர் இலையையாவது திருப்பி வையுங்கள். மழை நாள்கணக்கில் நீண்டால், செய்தித்தாளில் மடித்த மாதிரிகளைக் கட்டாக அடுக்கி, எரிசாராயம் ஊற்றி, காற்றுப் புகாத பையில் மூடினால் சில வாரம் கெடாது. ஆனால் சாராயம் மரபணுப் பொருளைச் சிதைக்கும். எனவே ஓர் இலைத் துண்டை முன்னதாகவே, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் இட்டுவிட வேண்டும்.

கேள்வி: அனுமதி வாங்கிவிட்டதாகக் குழுத்தலைவர் சொல்கிறார். அது போதாதா?

பதில்: கடிதத்தை நீங்களே ஒருமுறை படியுங்கள், கேட்பதை நல்ல தலைவர் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். எந்தப் பகுதி, எந்த நாள்கள், எந்த வகைகள், எத்தனை மாதிரி என்பன அதில் இருக்க வேண்டும். முகாமிட அனுமதி வேறு, செடி பறிக்க அனுமதி வேறு. எல்லை தாண்டிக் கொண்டுபோவது தனி விஷயம்: அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975 முதல் நடப்பிலுள்ள சைட்டிஸ் உடன்படிக்கையின்கீழ் ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் வருகிறது, பிற நாட்டின் செடி போன்ற மரபணு வளங்களைப் பயன்படுத்துவோரை 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறையும் கட்டுப்படுத்தும். அனுமதி இருந்தாலும், ஓரிடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருக்கும் செடியைப் படம் எடுத்துக் குறிப்பு எழுதிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கேள்வி: முதன்முறை செல்பவர் எதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

பதில்: செடி தேடுபவர் தலை குனிந்தே நடப்பார், நிமிர்ந்து பார்க்கும்போது குழு கண்ணுக்கெட்டாத தூரம் போயிருக்கும், மூடுபனி இறங்கியிருக்கும். இருவர் இருவராகப் பிரிந்து நடப்பதும், ஆளுக்கொரு விசில் வைத்திருப்பதும் அதனால்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 பாகை செல்சியஸ் குறையும். நனைந்த உடையோடு காற்றில் நிற்பது உயிருக்கே ஆபத்தாகலாம். வத்சநாபி போன்ற மலைச்செடிகளின் நஞ்சு தோல் வழியாகவும் உடலில் ஏறக்கூடும். கையுறையின்றி எதையும் கிள்ளாதீர்கள், எதையும் சுவைத்துப் பார்க்காதீர்கள். புறப்படுமுன்பும் திரும்பியபின்பும் காலணியின் அடியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக் கழுவுங்கள். வேற்றிடத்துக் களைவிதையும் வேரழுகல் நோயும் பெரும்பாலும் அந்த மண்ணோடுதான் மலையேறுகின்றன.