கெய்ரோ மசூதிச் சுவர் உதிர்கிறது: மருந்துக்கு முன் ஓதத்தைத் தேடுங்கள்

கேள்வி: முதுகலை நிலவியல் படிக்கிறேன். பழைய கெய்ரோவில் மம்லூக் சுல்தான்கள் ஆண்ட காலத்து மசூதி ஒன்றின் சுண்ணாம்புக்கல் சுவரை ஆய்வு செய்ய ஆறு வாரம் வாய்ப்பு கிடைத்திருக்கிறது. ஆளுயரத்துக்குக் கீழே கல் மாவு மாதிரி உதிர்கிறது. மேலே நன்றாக இருக்கிறது. கல்லை இறுக்கும் ரசாயனங்களை ஒப்பிடுவதையே தலைப்பாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: அந்தத் தலைப்பை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். பாதி விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. மேலும் கீழும் ஒரே கல், ஒரே வயது என்றால், கல்லின் குறை சுவர் முழுக்கத் தெரிய வேண்டுமே? கீழே மட்டும் உதிர்கிறது என்றால் தரையிலிருந்து ஓதம், அதாவது ஈரம், ஏறுகிறது என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். எப்போதோ பழுதுபார்த்தவர்கள் கீழ்வரிசைக் கற்களை மாற்றியிருந்தால் இந்தக் கணக்கு தப்பும். அதை முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

பழைய கெய்ரோவின் கட்டடக் கல் பெரும்பாலும் பக்கத்து முகத்தம் குன்றில் வெட்டியது. நுண்துளைகள் நிறைந்த கடற்படிவக் கல். தண்ணீர் அதில் தானாகவே மேலேறும், உப்பையும் கூட்டிக்கொண்டு. சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை உறிஞ்சிக் கரையும். குறைந்தால் மறுபடி படிகமாகும். மழைக்காலத்தில் நம் வீட்டு உப்பு ஜாடி நசநசப்பது இதனால்தான். ஜாடிக்குள் நடந்தால் கேடில்லை. கல்லின் துளைக்குள் நடந்தால் ஒவ்வொரு முறையும் படிகம் துளையின் சுவரை நெருக்கும். நெருக்கி நெருக்கி மேற்பரப்பு மாவாகிறது. அதனால் எப்போதும் நனைந்தே இருக்கும் அடிப்பகுதியைவிட, ஈரம் போய்ப்போய் வரும் மேல் விளிம்பில்தான் சேதம் அதிகம். உங்கள் சுவரிலும் அந்தக் கோட்டைத் தேடுங்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கசியும் குடிநீர்க் குழாய், கழிவுநீர், உயர்ந்துவிட்ட நிலத்தடி நீர். இதோடு தெருவின் மட்டமும் நூற்றாண்டுகளாக ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. 1160இல் கட்டப்பட்ட ஸாலிஹ் தலாஇ மசூதியைக் கட்டாயம் போய்ப் பாருங்கள். அதன் அடியில் தெருவை நோக்கி இருந்த கடைகள் இன்று தெருவுக்குக் கீழே பள்ளத்தில் கிடக்கின்றன.

சரி, அளப்பது எப்படி? தொல்பொருள் துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஒரு துளைகூடப் போடாதீர்கள். அனுமதி கிடைத்தால், 20 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்கி, நல்ல கல் வரும்வரை நேர்கோட்டில் ஐந்தாறு இடங்களில் மெல்லிய துளையிட்டு, 0–2, 2–5, 5–10 சென்டிமீட்டர் ஆழத்துப் பொடியைத் தனித்தனியாக மூடி வையுங்கள். உடனே எடை, காயவைத்து மறுபடி எடை: வித்தியாசம்தான் ஈரம். இங்கே பலர் தவறுவார்கள். 105 டிகிரியில் காயவைத்தால், பொடியில் ஜிப்சம் (படிகத்துக்குள் நீரை வைத்திருக்கும் கால்சியம் சல்பேட்) இருந்தால் அது தன் படிக நீரை இழந்து பொய்க்கணக்கு காட்டும். 60 டிகிரி போதும். பிறகு பொடியைக் காய்ச்சி வடித்த நீரில் கலந்து மின்கடத்துத் திறனையும் அயனிகளையும் பாருங்கள். நைட்ரேட் அதிகம் என்றால் கழிவுநீரைச் சந்தேகியுங்கள். துளை போடாத சோதனைகளும் உண்டு: எடை பார்த்த ஒட்டுநாடாவை ஒட்டிப் பிரித்து, எவ்வளவு பொடி வந்தது என்று மறுபடி எடை பார்க்கலாம், சுவரில் ஒட்டி நீர் நிரப்பும் அளவுக்குழாயான கார்ஸ்டன் குழாயால் கல் நீர் உறிஞ்சும் வேகத்தை அளக்கலாம்.

மேலே மழை படாத மூலைகளில் இருக்கும் கறுப்புப் படலம் வேறு கதை. வாகனப் புகையின் கந்தகம் கல்லோடு சேர்ந்து ஜிப்சமாகி, கரியைப் பிடித்து வைத்திருக்கும். கெய்ரோவில் ஆண்டுக்கே சுமார் 25 மில்லிமீட்டர்தான் மழை. கழுவிப் போக வழியில்லை. விரிசல்களையும் இதோடு கலக்க வேண்டாம். 1992 அக்டோபர் நிலநடுக்கம் பல சின்னங்களை ஆட்டிவிட்டது.

ரசாயனத்துக்கு ஏன் அவசரப்பட வேண்டாம் என்கிறேன்? ஓதம் நிற்காத சுவரில் மேல்தோலை இறுக்கினால், உப்பு அதற்குப் பின்னால் படிகமாகி, இறுக்கிய தோலையே தகடாகப் பெயர்த்துத் தள்ளும். கல்லை இறுக்கப் பயன்படும் எத்தில் சிலிகேட் மணற்கல்லில் பிடிப்பதுபோல் சுண்ணாம்புக்கல்லில் பிடிக்காது என்பதும் உண்டு. சிமென்ட் பூச்சு இன்னும் மோசம். தன் பங்குக்கு உப்பைச் சேர்ப்பதோடு, ஈரத்தை அடைத்து இன்னும் உயரத்துக்கு ஏற்றிவிடும். ஓதத்தைக் கட்டுப்படுத்திய பிறகு காகிதக்கூழ்ப் பற்று போட்டு உப்பை இழுக்கலாம். அப்புறம் சுண்ணாம்புக் காரை. செங்கல் பொடி கலந்த காரை கெய்ரோ கொத்தர்களுக்குப் புதிதல்ல. அந்தப் பொடியை அவர்கள் ஹும்ரா என்பார்கள்.

தலைப்பை 'சுவரின் உயரத்திலும் ஆழத்திலும் ஈரமும் உப்பும்' என்று மாற்றுங்கள். ஆறு வாரத்தில் ஒரு பருவம்தான் தெரியும். திரும்பும்போது, வெப்பமும் ஈரப்பதமும் பதியும் கருவி ஒன்றை அங்கேயே ஓராண்டு விட்டு வர அனுமதி கேளுங்கள்.