வாட்சனின் காயம்

கேள்வி: ஷெர்லக் ஹோம்ஸ் ரசிகர்களாகிய எங்களுக்குள் இரண்டு சண்டைகள் ஓய்ந்தபாடில்லை. கானன் டாயில் கடைசிக் காலத்தில் எழுதிய கதைகள் வெறும் சக்கை, அவற்றைக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்பது என் கட்சி. இன்னொன்று, ஹோம்ஸும் அவருடைய தோழர் டாக்டர் வாட்சனும் காதலர்கள் என்று சிலர் வாதாடுகிறார்கள். ஒரு தூய நட்பை இப்படிக் கொச்சைப்படுத்தலாமா?

பதில்: உங்கள் இரண்டு சண்டைகளும் ஒரே கதையில் வந்து முட்டிக்கொள்கின்றன. அந்தக் கதையைத்தான் நீங்கள் கணக்கிலிருந்து தள்ளச் சொல்கிறீர்கள்.

1927இல் புத்தகமாக வந்த கடைசித் தொகுப்பில் பன்னிரண்டு கதைகள். துப்பறியும் கதைகள் என்ற அளவில் உங்கள் புகாரில் பாதி நியாயம். குரங்கிலிருந்து எடுத்த மருந்தை ஏற்றிக்கொண்டு பேராசிரியர் ஒருவர் சுவரேறும் கதையைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நானும் படித்து முடித்தேன். ஆனால் ஹோம்ஸ் வாட்சனுக்கு அனுப்பும் அந்தப் பிரபலமான தந்தி அதே கதையில்தான் வருகிறது: வசதிப்பட்டால் உடனே வரவும், வசதிப்படாவிட்டாலும் வரவும். இன்னொரு கதையை ஹோம்ஸே சொல்கிறார். வாட்சன் தன்னை விட்டுவிட்டு மனைவியோடு போய்விட்டதை, தங்கள் பழக்கத்தில் வாட்சன் செய்த ஒரே சுயநலமான காரியம் என்று அதில் குறிப்பிடுகிறார். புதிர்கள் நைந்துபோன வயதில், அந்த இருவருக்கும் இடையில் இருந்ததை டாயில் முன்னைவிடத் திறந்து எழுதினார். கடைசிக் கதைகளை நான் விடாமல் படிப்பது அதற்காகத்தான்.

இப்போது நான் சொன்ன கதைக்கு வருகிறேன். ‘மூன்று கேரிடெப்கள்’, 1924. கொலைகாரன் ஒருவன் சுட்டுவிடுகிறான், குண்டு வாட்சனின் தொடையை உரசிக்கொண்டு போகிறது. ஹோம்ஸ் துப்பாக்கியால் அவன் மண்டையில் ஓங்கி அடித்துவிட்டு வாட்சனைத் தாங்கி நாற்காலியில் உட்காரவைக்கிறார். அடிபடவில்லை என்று சொல், கடவுளே, சொல் என்று கெஞ்சுகிறார். பேனாக்கத்தியால் கால்சட்டையைக் கிழித்துப் பார்க்கிறார், மேலோட்டமான காயம்தான். வாட்சன் செத்திருந்தால் நீ இந்த அறையை விட்டு உயிரோடு போயிருக்க மாட்டாய் என்று அவனிடம் சொல்கிறார். எதற்கும் கலங்காத அந்தக் கண்கள் மங்கியதையும் உதடுகள் நடுங்கியதையும் வாட்சன் பார்க்கிறார். அந்த முகமூடிக்குப் பின்னால் இத்தனை விசுவாசமும் அன்பும் இருப்பதைத் தெரிந்துகொள்ள ஒரு காயம் என்ன, பல காயங்கள் பட்டாலும் தகும் என்று எழுதுகிறார்.

இதை நட்பு என்று வாசிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. காதல் என்று வாசிப்பவர் எதையும் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை, உங்கள் கண்ணில் பட்ட அதே வரிகள்தான் அவர் கண்ணிலும் பட்டன.

உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்துவது ‘கொச்சை’ என்ற ஒரு சொல். ஹோம்ஸ் கதைகளில் ஐரீன் ஆட்லர் என்ற பெண் நேரில் வருவது ஒரே ஒரு சிறுகதையில், 1891இல். அவள்மீது ஹோம்ஸுக்குக் காதல் போன்ற எந்த உணர்ச்சியும் இல்லை என்று தொடக்கத்திலேயே அடித்துச் சொல்லியிருக்கிறது. அப்படியிருந்தும் சினிமாவும் தொலைக்காட்சியும் அவளைத் திரும்பத் திரும்ப அவருக்கு ஜோடியாக்கிக் காட்டின. அப்போது ஹோம்ஸைக் கொச்சைப்படுத்திவிட்டார்கள் என்று நீங்கள் எனக்கு எழுதவில்லை. மூலக்கதை மறுத்ததைப் பெண்ணோடு சேர்த்துச் சொன்னால் கற்பனை, மூலக்கதை மறுக்காததை ஆணோடு சேர்த்துச் சொன்னால் கொச்சையா? ஆணும் ஆணும் காதலிப்பதே இழிவு என்று உள்ளுக்குள் ஓர் எண்ணம் இருந்தால்தான் அந்தச் சொல் பேனாவில் வரும். இந்தப் பக்கத்தில் அதை நான் ஏற்க மாட்டேன்.

எதிர்க்கட்சிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டாயில் திட்டமிட்டே காதலை ஒளித்துவைத்தார், சட்டத்துக்குப் பயந்து பூடகமாக எழுதினார் என்று சத்தியம் செய்யாதீர்கள். சட்டம் கொடியது என்பது உண்மை. பிரிட்டனில் 1885இல் வந்த சட்டத்தின்படி ஆண்களிடையே உறவுக்கு இரண்டாண்டு வரை கடுங்காவல் கிடைக்கும். 1895இல் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டுக்கு அதுதான் கிடைத்தது. 1889இல் அவரோடு ஒரே மேசையில் விருந்துண்டவர் டாயில். ஆனால் தன் சுயசரிதையில் வைல்டைப் பற்றி எழுதும்போது, அது ஒரு நோய், காவல் நீதிமன்றத்துக்குப் பதில் மருத்துவமனை பார்க்க வேண்டிய விஷயம் என்றுதான் சொன்னார். அந்தச் சுயசரிதை வந்ததும் 1924இல்தான், வாட்சன் குண்டடி படும் கதை வெளிவந்த அதே ஆண்டு. இப்படி நினைத்தவர் ரகசியமாகக் கொடி பிடித்தார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. ஹோம்ஸ் ஒரு கணக்குப்பொறி போன்றவர், காதலில் விழவே மாட்டார் என்று 1892இல் கடிதம் எழுதியவரும் அவரே. ஹோம்ஸுக்குக் காதலும் காமமும் கிடையாது என்று வாசிக்கும் மூன்றாவது கட்சியின் கைதான், சான்று என்று பார்த்தால், ஓங்கியிருக்கிறது.

என் வாசிப்பைக் கேட்டால் சொல்கிறேன். மனைவி மேரி இறந்த பின் வாட்சன் தன் மருத்துவத் தொழிலை விற்றுவிட்டு, ஹோம்ஸ் குடியிருக்கும் பேக்கர் தெருவுக்கே திரும்பிவிடுகிறார். அதை வாங்கிய இளம் டாக்டர் ஹோம்ஸின் தூரத்து உறவினர் என்றும், பணம் கொடுத்தது ஹோம்ஸ்தான் என்றும் அவருக்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவருகிறது. வாட்சன் திரும்பி வர வேண்டும் என்பதற்காகக் கேட்ட விலையைக் கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டு, அதை வாய்விட்டுச் சொல்லாமலே இருந்த மனிதர் அவர். அந்த உணர்ச்சியை நான் அன்பு என்கிறேன், அதற்குமேல் பெயர் வைக்க எனக்குத் தோன்றவில்லை. பெயர் வைப்பவரோடு எனக்குச் சண்டையும் இல்லை.

நீங்கள் தள்ளிவைத்த தொகுப்பை ஒருமுறை கையில் எடுங்கள். ‘மூன்று கேரிடெப்கள்’ கதையில் துப்பாக்கி வெடிக்கும் இடத்திலிருந்து ஒரு பக்கம் படியுங்கள். அதில் எந்த வரி கொச்சை என்று எனக்கு எழுதுங்கள்.