‘பெட் ஃப்ரெண்ட்லி லைசென்ஸ்’ என்று ஒன்று கிடையாது

கேள்வி: பெசன்ட் நகரில், எலியட்ஸ் கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் நானும் என் கணவரும் சின்ன டிபன் கடை நடத்துகிறோம். உள்ளே ஆறு மேசை, வெளியே திண்ணையில் இரண்டு. காலை நடைக்கு வருகிறவர்கள் நாயையும் பிடித்துக்கொண்டு காபி குடிக்க வருகிறார்கள். போன மாதம் ஒருவருடைய நாய் பக்கத்து மேசைக் குழந்தையின் தட்டில் வாய் வைத்துவிட்டது. அதிலிருந்து தெருவே இரண்டாகிவிட்டது. நாயை உள்ளே விட்டால் உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுப்பேன் என்கிறார் ஒரு பெரியவர். தடுத்தால் அது சட்டவிரோதம், யாரும் கடைக்கு வரமாட்டோம் என்கிறார்கள் நாய் வளர்ப்பவர்கள். எங்களுக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்த ஏஜென்ட், ‘பெட் ஃப்ரெண்ட்லி லைசென்ஸ்’ வாங்கித் தருவதாகச் சொல்லி 35,000 ரூபாய் பேசி, 5,000 முன்பணம் வாங்கிப் போயிருக்கிறார். நான்கு வருடமாக வாசலில் படுத்திருக்கும் தெருநாயையும் 3,000 கொடுத்தால் ஆள் வைத்து அப்புறப்படுத்துகிறேன் என்கிறார். நாங்கள் என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: அம்மா, முதலில் அந்த மீதி 30,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு லைசென்ஸ் இந்தியாவில் இல்லை. உணவுப் பாதுகாப்புத் துறை தருவது பதிவுச் சான்று, லைசென்ஸ் என்ற இரண்டுதான். வியாபாரத்தின் அளவையும் வகையையும் பொறுத்து அதற்குள் பிரிவுகள் உண்டு. நாயை அனுமதிக்கும் கடை என்று தனிப் பிரிவு எதுவும் கிடையாது. அந்த ஆள் உங்களிடம் ஒரு காகிதத்தை நீட்டினால் அது அவரே அச்சடித்ததாகத்தான் இருக்கும்.

இப்போது சட்டம். 2011இல் வந்த உணவு வணிக உரிமம், பதிவு ஒழுங்குமுறைகளில் நான்காம் அட்டவணை என்று ஒரு பகுதி இருக்கிறது. சுகாதார நிபந்தனைகள் எல்லாம் அதில்தான் வரும். அதில் எலி, கரப்பான் கட்டுப்பாடு பற்றிச் சொல்லும் இடத்தில் ஒரு வாக்கியம்: விலங்குகள், பறவைகள், செல்லப்பிராணிகள் ஆகியவற்றை உணவு வளாகத்துக்குள் நுழைய விடக்கூடாது. அவ்வளவுதான். சமையலறை என்று மட்டும் சொல்லவில்லை, வளாகம் என்கிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டமோ, உணவு விற்கிற, தயாரிக்கிற, வைத்திருக்கிற இடம் எல்லாவற்றையும் வளாகம் என்ற சொல்லுக்குள் அடக்கிவிடுகிறது. ஆகவே உங்கள் ஆறு மேசையும் அதில் வரும், திண்ணையில் போட்ட இரண்டும் வரும்.

அந்தப் பெரியவர் புகார் கொடுத்தால் என்ன ஆகும்? உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து பார்ப்பார். குறை இருந்தால் வழக்கமாக முதலில் வருவது திருத்த அறிவிப்பு. அதில் குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும். மறுநாளே கடைக்குப் பூட்டு விழும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். அதற்காக அலட்சியமாகவும் இருந்துவிடாதீர்கள். சுகாதாரமற்ற சூழலில் உணவு தயாரித்ததாக முடிவானால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இன்னொன்று, அலுவலர் என்று சொல்லிக்கொண்டு வருகிறவரிடம் அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். புகார் வந்திருக்கிறது, அபராதத்தை இப்போதே ரொக்கமாகக் கொடு என்கிறவருக்கு ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். உண்மையான அபராதம் எழுத்தில் வரும், ரசீதோடு வரும். சண்டை நடக்கிற தெரு எது என்று இந்த மாதிரி ஆட்களுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

நாய் வளர்ப்பவர்கள் சொல்லும் ‘தடுத்தால் சட்டவிரோதம்’ என்பதும் சரியில்லை. அவர்கள் மனதில் இருப்பது விலங்கு நல வாரியம் 2015இல் விடுத்த சுற்றறிக்கையாக இருக்க வேண்டும். அது அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு எழுதியது. குடியிருப்புச் சங்கம் செல்லப்பிராணிகளைத் தடை செய்யக்கூடாது, லிஃப்டிலும் பூங்காவிலும் மறிக்கக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் டிபன் கடைக்குள் நாயைக் கூட்டிவர யாருக்கும் அது உரிமை தரவில்லை. உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமகனின் கடமை என்று அரசமைப்புச் சட்டம் சொல்கிறது, உண்மைதான். அந்த இரக்கத்தை இட்லித் தட்டுக்குப் பக்கத்தில்தான் காட்ட வேண்டும் என்று அது சொல்லவில்லை.

நான் நாய்க்கு எதிரியில்லை. என் வீட்டிலும் இரண்டு வளர்ந்தன. ஆனால் உணவு ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்து, பிறகு உணவுப் பாதுகாப்பு அலுவலராக ஓய்வு பெற்றவன் நான். கடைகளில் கவனித்ததைச் சொல்கிறேன். நாய் சும்மா உட்கார்ந்திருப்பதில் பெரிய ஆபத்து இல்லை. பரிமாறுகிற பையன் அதன் தலையைத் தடவிவிட்டு அதே கையோடு அடுத்த மேசைக்குச் சட்னி ஊற்றுகிறான் பாருங்கள், ஆபத்து அங்கேதான். முடி, உண்ணி, நாய் வயிற்றுப் புழுவின் முட்டை எல்லாம் கை வழியாகத்தான் வருகின்றன. அப்புறம், நாய்க்கு டம்ளரிலேயே பால் கொடுப்பவர்கள். அந்த டம்ளர் கழுவுகிற தொட்டிக்கு வந்துதானே அடுத்தவர் வாய்க்குப் போகிறது? இதைப் பார்த்தும் வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வாரோ என்று பேசாமல் நிற்கிற முதலாளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, காலை நேர வியாபாரத்தை அப்படியே விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். ஒரு வழி இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதிலும் எல்லாரும் ஒரு இடத்தில் தவறு செய்கிறார்கள்.

விதி தடுப்பது நாய் வளாகத்துக்குள் நுழைவதை. தெருவில் நிற்கும் நாயை அது தொடவில்லை. ஆகவே தெருவைப் பார்த்த பக்கம் ஒரு ஜன்னல் வையுங்கள். நாயோடு வருகிறவர் அங்கே காபி வாங்கிக்கொண்டு வெளியே நின்று குடிக்கட்டும், அல்லது கடற்கரைக்கு எடுத்துப் போகட்டும். இதுவரைக்கும் சிக்கல் இல்லை. தவறு எங்கே என்றால், நின்று குடிக்கிறார்களே பாவம் என்று நடைபாதையில் நான்கு ஸ்டூல் போடுவீர்கள். நடைபாதை மாநகராட்சிக்குச் சொந்தமானது. அங்கே ஸ்டூல் போட்ட அன்றே நாய்ப் பிரச்சினை ஆக்கிரமிப்புப் பிரச்சினையாக மாறிவிடும், புகார் கொடுக்கிறவருக்கு வேலை இன்னும் சுலபம். அடுத்து, திண்ணை திறந்த இடம்தானே, காற்றோட்டம் இருக்கிறதே என்று சமாதானம் சொல்வீர்கள். திறந்த இடமோ மூடிய இடமோ, நீங்கள் பரிமாறுகிற இடம் வளாகம்தான். காம்பவுண்டுக்கு உள்ளே கொக்கி அடித்து நாயைக் கட்ட விடுவதும் அதே கதைதான். கோடு கேட்டில் இருக்கிறது. கேட்டுக்கு வெளியே நாயும் அதன் வீட்டுக்காரரும், உள்ளே மற்றவர்கள். நாயைக் கேட்டில் கட்டிவிட்டு வீட்டுக்காரர் மட்டும் உள்ளே வந்து உட்கார்ந்தால்? அதற்கும் சம்மதிக்காதீர்கள். தனியாகக் கட்டிக் கிடக்கிற நாய்தான் போகிற வருகிறவர்மேல் பாயும்.

ஜன்னலில் நிற்கிற ஆளுக்கு ஒரே ஒரு கட்டளை போதும்: நாயைத் தொடாதே. காகிதக் கப்பில் கொடுக்கலாமா என்றால், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அதை நீட்டிவிட்டு இன்னொரு புகாருக்கு ஆளாகாதீர்கள். வீட்டிலிருந்து டம்ளரோ பிளாஸ்கோ கொண்டுவரச் சொல்லுங்கள். தினமும் வருகிறவர்கள் இரண்டே நாளில் பழகிவிடுவார்கள்.

இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டியிருப்பதே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. கலிபோர்னியாவில் 2015 முதலே, உணவகத்தின் வெளிப்பகுதியில் நாயை அனுமதிக்கலாம் என்று சட்டம் போட்டு நிபந்தனைகளையும் எழுதிவிட்டார்கள். தனி வழி வேண்டும், கயிறு வேண்டும், பரிமாறுபவர் தொடக்கூடாது, இப்படி. நம்மிடம் எலி, கரப்பானோடு சேர்த்து எழுதிய ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பெரிய கஃபே ஒன்று நாய்க்கென்றே தனி மெனு போட்டு நடத்துகிறது, யாரும் கேட்பதில்லை. உங்களைப் போன்ற சின்னக் கடைக்குத்தான் ஒரு புகாரிலேயே நடுக்கம் வருகிறது. இது நியாயமில்லை. பணியில் இருந்தபோது இதை மேலே எழுதிப் பார்த்தேன், பதில் வரவில்லை. விதி தெளிவாக இல்லாத இடத்தில்தான் ஏஜென்ட்டுகள் முளைக்கிறார்கள்.

தெருநாய்க்கு வருகிறேன். ஆள் வைத்து அப்புறப்படுத்துவது என்றால் இரவோடு இரவாகச் சாக்கில் கட்டி எங்கோ கொண்டுபோய் விடுவது, அல்லது அதைவிட மோசமானது. அதற்கு நீங்கள் பணம் கொடுத்தால் குற்றத்தில் நீங்களும் பங்காளி. விலங்கைக் கொல்வதும் ஊனமாக்குவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வெந்நீர் ஊற்றி விரட்டுகிற பழக்கம் உங்கள் சமையலறையில் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அதுவும் வதைதான். நாயின் காதைப் பாருங்கள். ஓரத்தில் வெட்டு இருந்தால் கருத்தடை ஆகிவிட்டது என்று அர்த்தம். இல்லையென்றால் மாநகராட்சியின் 1913க்குப் பேசுங்கள். பிடித்துப் போய்க் கருத்தடையும் ரேபிஸ் தடுப்பூசியும் போட்டு, தெருநாய்க் கருத்தடைக்கான 2023 விதிகளின்படி பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவார்கள். வாசலில் அது இருக்கத்தான் செய்யும், உள்ளே வராமல் பார்ப்பது உங்கள் வேலை. இடுப்பளவு கதவு ஒன்று போதும். மிச்சத்தை வாசலில் போடுவதை நிறுத்துங்கள். தெருவில் கண்ட இடத்தில் உணவிடக்கூடாது, வார்டுதோறும் அதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று சொல்லியிருக்கிறது. உங்கள் வார்டில் அந்த இடம் எது என்று மாநகராட்சியிடமே கேளுங்கள். நான்கு வருடம் சோறு போட்ட நாயைத் திடீரெனப் பட்டினி போட மனசு வராது. அந்த இடத்தில் கொண்டுபோய் வையுங்கள்.

குழந்தையின் தட்டில் வாய் வைத்ததோடு போயிற்று. எந்த நாயாவது கடித்தாலோ கீறினாலோ, யாருடைய தவறு என்று பேச நேரம் கிடையாது. சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம்.

கடைசியாக அந்த ஏஜென்ட். 5,000 ரூபாயை எதற்காக வாங்கினார் என்று அவரையே வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். பதில் எழுதினால் அது சான்று. பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், தராவிட்டால் காவல் நிலையத்தில் மனு கொடுங்கள். ஆனால் அதைவிடப் பெரிய கவலை எனக்கு வேறு இருக்கிறது. உங்கள் லைசென்ஸை எடுத்தது அவர்தான் என்கிறீர்கள். இந்த ஆட்கள், உணவு லைசென்ஸுக்கும் பதிவுக்கும் விண்ணப்பிக்கிற அரசின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் விண்ணப்பம் போடும்போது கடைக்காரரின் எண்ணைக் கொடுக்காமல் தங்கள் செல்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிடுவார்கள். துறை அனுப்புகிற செய்தியெல்லாம் அவருக்குப் போகும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம் உள்ள பதிவுக்கு ஆயிரக்கணக்கில் வாங்கிய ஆட்களைப் பார்த்திருக்கிறேன். சுவரில் மாட்டியிருக்கும் உங்கள் சான்றில் 14 இலக்க எண் இருக்கும். அதை இணையதளத்தில் போட்டு, கடைப் பெயரும் முகவரியும் சரியாக வருகிறதா, எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். பிறகு கடவுச்சொல்லை மாற்றப் பாருங்கள். மாற்றுவதற்கான குறியீட்டு எண் உங்கள் செல்பேசிக்கு வராமல் அவருடையதற்குப் போனால், சான்றின் நகல், ஆதார், வாடகை ஒப்பந்தம் மூன்றையும் எடுத்துக்கொண்டு, மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் பொறுப்பான நியமன அலுவலரின் அலுவலகத்துக்கு நேரில் போய், தொடர்பு எண்ணை மாற்ற எழுதிக் கொடுங்கள். கொடுத்த மனுவின் நகலில் அலுவலக முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.