பெரிய நேக்கட் பைக்கில் குதிரைத்திறனைக் குறைப்பது ஏன்?

வாசகர் கேள்வி: நான் 400 சிசி ஒற்றைச் சிலிண்டர் பைக் ஓட்டி வருகிறேன். அடுத்து ஆயிரம் சிசிக்குக் குறையாத, ஃபேரிங் (காற்றைத் தடுக்கும் வெளியுறை) இல்லாத நேக்கட் பைக் ஒன்றை வாங்க எண்ணுகிறேன். ஒரே நிறுவனம் ஒரே எஞ்சினை ஃபேரிங் போட்ட சூப்பர்பைக்கில் 190-க்கும் மேற்பட்ட குதிரைத்திறனுடனும், நேக்கட்டில் 160 குதிரைத்திறனுடனும் தருகிறது. வாங்குபவருக்கு இது நஷ்டமில்லையா? நான்கு சிலிண்டர் நல்லதா, இரட்டைச் சிலிண்டர் நல்லதா? செயினை இழுக்கும் பல்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தால் இழுவை கூடும் என்கிறார்கள், செய்யலாமா?

பதில்: குறைத்துத்தான் தருகிறார்கள், ஆனால் குறைக்கப்படுவது சாலையில் நீங்கள் அநேகமாகத் தொடவே போகாத பகுதி. நீங்கள் சொல்லும் எண்கள் பிஎம்டபிள்யூ எஸ்1000ஆர்ஆர் பைக்கையும், அதிலிருந்து உருவாகி 2014-இல் வந்த எஸ்1000ஆர் பைக்கையும் ஒத்திருப்பதால் அவற்றையே எடுத்துக்கொள்வோம். அன்றைய சூப்பர்பைக் 13,000 ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) 193 குதிரைத்திறனும், நேக்கட் 11,000 ஆர்பிஎம்மில் 160 குதிரைத்திறனும் தந்தன. உச்ச முறுக்குவிசை மட்டும் இரண்டிலும் 112 நியூட்டன் மீட்டர்தான். அது சூப்பர்பைக்கில் 9,750 ஆர்பிஎம்மிலும் நேக்கட்டில் 9,250 ஆர்பிஎம்மிலும் கிடைத்தது. முறுக்குவிசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் வருவதே திறன் என்பதால், நேக்கட் இழந்த குதிரைத்திறன் முழுவதும் சுழற்சி அளவுகோலின் மேல் கோடியில் இழந்ததே தவிர, ஒவ்வொரு வெடிப்பும் பிஸ்டனைத் தள்ளும் வலுவில் இழந்தது அன்று.

இந்த மாற்றம் பெரும்பாலும் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டிலிருந்து தொடங்குகிறது. 13,000 ஆர்பிஎம்மில் சிலிண்டர் நிரம்பக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு என்பதால், பந்தய எஞ்சினில் உள்வால்வு முன்னதாகவே திறந்து வெகுநேரம் கழித்தே மூடும். வெளிவால்வு மூடுவதற்குள் உள்வால்வு திறந்துவிடும் இடைவெளியும் அதில் அதிகம். அதே ஏற்பாடு 4,000 ஆர்பிஎம்மில் எதிராக வேலை செய்கிறது: உள்ளே வந்த காற்றின் ஒரு பகுதி திரும்பிப் போகிறது, எரிந்த வாயுவின் ஒரு பகுதி பின்னோக்கி வருகிறது. நேக்கட்டுக்கு அந்த இடைவெளியைச் சுருக்கி, உள்ளிழுக்கும் குழாய்களையும் துளைகளையும் குறைந்த சுழற்சிக்கு ஏற்ப மாற்றியமைக்கிறார்கள். சுஸுகியோ 2015-இல் வந்த ஜிஎஸ்எக்ஸ்-எஸ்1000 பைக்குக்குத் தன்னிடமிருந்த புதிய சூப்பர்பைக் எஞ்சினை விட்டுவிட்டு, 2005-ஆம் ஆண்டு ஜிஎஸ்எக்ஸ்-ஆர்1000 எஞ்சினை அடிப்படையாக எடுத்துக்கொண்டது. அதன் பிஸ்டன் விட்டம் 73.4 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 59 மி.மீ. ஸ்ட்ரோக் நீண்டால் நெம்புகோல் நீள்வதால் முறுக்குவிசை கூடும் என்று பலரும் விளக்குவது சரியன்று. கொள்ளளவு மாறாதபோது ஸ்ட்ரோக் நீண்டால் பிஸ்டனின் பரப்பு குறைந்து அந்த ஆதாயம் கழிந்துவிடுகிறது. சிறிய விட்டத்தால் எரியறை கச்சிதமாகிறது, வால்வுகள் சிறியனவாகின்றன, அதனால் குறைந்த சுழற்சியிலும் காற்று வேகமாக நுழைகிறது என்பதே உண்மையான ஆதாயம்.

நீங்கள் எந்தச் சுழற்சியில் ஓட்டப் போகிறீர்கள் என்பதை விவரப் பட்டியலை வைத்து வீட்டிலேயே கணக்கிடலாம். 190/55-17 அளவுப் பின் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். ஆகவே மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 830 முறை சுற்றும். பட்டியலில் உள்ள பிரைமரி விகிதம் (எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையிலானது), ஆறாம் கியர் விகிதம், செயின் விகிதம் மூன்றையும் பெருக்கி, அதை 830-ஆல் பெருக்குங்கள். அவை முறையே 1.55, 1.2, 2.6 என்று வைத்துக்கொண்டால் பெருக்குத்தொகை 4.8-க்குச் சற்று மேல். எஞ்சின் 4,000 ஆர்பிஎம்மில் ஓடும். அதே கியரில் 9,250 ஆர்பிஎம்மைத் தொட வேண்டுமானால் வேகம் மணிக்கு 230 கி.மீ. ஆகிவிடும். எனவே விளம்பரத்தில் உள்ள உச்சக் குதிரைத்திறன் மட்டுமல்ல, உச்ச முறுக்குவிசையும்கூட உங்கள் அன்றாட ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. எஞ்சின் திறனை அளந்து வரையும் டைனோ வரைபடத்தில் 3,000-க்கும் 6,000-க்கும் இடையே கோடு எவ்வளவு உயரத்தில், எவ்வளவு சமமாகப் போகிறது என்று பாருங்கள். நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் முந்திச் செல்லும் ஒவ்வொரு முறையும் அது தெரியும்.

ஃபேரிங் இல்லாததே மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நிமிர்ந்து அமர்ந்த ஓட்டுநருடன் ஒரு நேக்கட்டின் மீது மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் விழும் காற்று விசையைத் தோராயமாக 280 நியூட்டன் எனக் கொள்ளலாம். வேகத்தின் இருமடிக்கேற்ப அது உயர்வதால் 150-இல் 620-ஐத் தாண்டும். காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் திறனோ மும்மடிக்கேற்ப உயரும் என்றாலும், 200 கி.மீ. வேகத்தில்கூட அது 85 குதிரைத்திறன் அளவில்தான் நிற்கிறது. ஆகவே 160 குதிரைத்திறன் தீருவதற்கு வெகு முன்பே உங்கள் கழுத்து தளர்ந்துவிடும். அதைவிட முக்கியம், மார்பில் விழும் அந்த விசையைத் தாங்கக் கைகள் ஹேண்டில்பாரைப் பற்றி இழுப்பதுதான். அகலமான ஹேண்டில்பார் என்பதால் உடலின் சிறு அசைவும் திசைதிருப்பலாக மாறி, அதிவேகத்தில் வண்டி நெளியத் தொடங்கும். ஹேண்டில்பாரின் அசைவை அடக்கும் ஸ்டீயரிங் டேம்பர் பொருத்துவதற்கு இது ஒரு காரணம். டேங்கை முழங்கால்களால் இறுக்கிக் கைகளைத் தளர்த்திப் பழகுவதே ஓட்டுநர் தரப்பில் செய்யத்தக்கது.

கீழ்க் கியர்களில் தடையாக இருப்பது காற்றன்று, முன் சக்கரம். வீல்பேஸ் (இரு சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) 1,450 மி.மீ. என்றும், ஓட்டுநரோடு சேர்த்த எடைமையம் அதன் நடுவில் தரையிலிருந்து 700 மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்றும் கொண்டால், முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைச் சற்றே தாண்டியதும் முன் சக்கரம் தரையை விட்டு எழும். ஓட்டுநருடன் 290 கிலோ எடையுள்ள வண்டியில், மேற்சொன்ன பிரைமரி, செயின் விகிதங்களோடு முதல் கியர் 2.6 என்றிருந்தால், அதற்கு எஞ்சினில் 90 நியூட்டன் மீட்டரே போதும். 112 இருக்கும் எஞ்சினில் மேலும் 30 குதிரைத்திறன் சேர்த்தால் முன் சக்கரம் எழுவதை அடக்கும் வீலி கட்டுப்பாட்டுக் கணினிக்குத்தான் வேலை கூடும். நிமிர்ந்து அமர்வதால் எடைமையம் சூப்பர்பைக்கைவிடச் சற்று பின்னும் மேலுமாகப் போய்விடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாய்வையும் முடுக்கத்தையும் அளக்கும் ஆறு அச்சு ஐஎம்யூ உணரி உள்ள மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதை நான் வீண் செலவாகக் கருதமாட்டேன். 400 சிசியிலிருந்து ஒரேயடியாக ஏறுபவருக்கு நிச்சயமாக இல்லை.

இனி, சிலிண்டர் எண்ணிக்கை. டர்போவோ சூப்பர்சார்ஜரோ இல்லாத நவீன நேக்கட் எஞ்சின்கள் லிட்டருக்கு ஏறக்குறைய 110 நியூட்டன் மீட்டர் உச்ச முறுக்குவிசை தருகின்றன. 999 சிசியில் 112 என்றால், கேடிஎம்மின் 1,301 சிசி வி-ட்வின் (வி வடிவ இரட்டைச் சிலிண்டர்) எஞ்சின் கொண்ட 1290 சூப்பர் டியூக் ஆர் 144 தந்தது. அதாவது இரட்டைச் சிலிண்டரின் பெயர்பெற்ற இழுவைக்குப் பெருமளவு காரணம் அதன் பெரிய கொள்ளளவுதான். அந்த 1290-இல் ஒரு சிலிண்டர் மட்டுமே 650 சிசி. வெடிப்புகள் தள்ளித் தள்ளி வருவதால் மேல் கியரில் 2,500 ஆர்பிஎம்முக்குக் கீழே செயின் குலுங்கும், நகர நெரிசலில் அடிக்கடி கியரைக் குறைக்க வேண்டியிருக்கும். பின்பக்கச் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் குழாய் இருக்கைக்கு அருகே செல்வதால் தொடையில் சூடும் உண்டு. நான்கு சிலிண்டர் எஞ்சின் 2,000 ஆர்பிஎம்மிலிருந்தே வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் நான்கும் ஒரே வரிசையில் அமைந்த வழக்கமான இன்லைன் எஞ்சினில் சமன்படாத இரண்டாம்நிலை விசை (ஒரு சுற்றுக்கு இருமுறை அதிர்வது), நடுச்சுழற்சியில் கைப்பிடியிலும் கால்மிதியிலும் நுண்ணிய அதிர்வாக உணரப்படும். நெரிசலில் அதிகம் ஓட்டுபவர் என்றால் நான்கு சிலிண்டரையும், திறந்த வளைவுச் சாலைகளில் ஓட்டுபவர் என்றால் இரட்டைச் சிலிண்டரையும் பரிந்துரைப்பேன்.

சோதனை ஓட்டத்தில் முழு த்ராட்டிலைத் திறந்து பார்ப்பதில் பயன் இல்லை. ஆறாம் கியரில் 60 கி.மீ. வேகத்திலிருந்து த்ராட்டிலைக் கால்வாசி மட்டும் திறந்து, எஞ்சின் திணறுகிறதா என்று கவனியுங்கள். இரண்டாம் கியரில் மெதுவாகப் போகும்போது த்ராட்டிலை முழுக்க மூடி, உடனே ஒரு நூலளவு திறவுங்கள்; அப்போது வண்டி வெடுக்கென்று குதித்தால் வளைவின் நடுவிலும் அப்படியே குதிக்கும். பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியின் எண் எந்தச் சுழற்சியில் மங்குகிறது என்று பாருங்கள். கடைசியில், ரேடியேட்டர் மின்விசிறி ஓடத் தொடங்கும்வரை வண்டியை நிறுத்திய இடத்திலேயே அமர்ந்திருங்கள். சூப்பர்பைக்கில் வெப்பக்காற்றை விலக்கி அனுப்பும் ஃபேரிங் இங்கே இல்லை, அது நேராகக் கால்களில்தான் படும்.

ஸ்ப்ராக்கெட் விஷயம்: 17 பல்லை 16 ஆக்கினால் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை சுமார் 6 விழுக்காடு கூடும்; 100 கி.மீ. வேகத்தில் 4,000 ஆக இருந்த சுழற்சி 4,250 ஆகும். முதல் கியரில் ஏற்கெனவே எழத் தயாராக நிற்கும் முன் சக்கரம் இன்னும் எளிதாக எழும். சிறிய வட்டத்தில் வளைய வேண்டியிருப்பதால் செயின் சீக்கிரம் தேயும், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் மீதுள்ள ரப்பர் பட்டையிலும் கூடுதலாக உரசும். வேகத்தைக் கியர்பாக்ஸிலிருந்து அளக்கும் மாடல் என்றால் ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். நெரிசலில் மேல் கியரில் குலுங்கும் இரட்டைச் சிலிண்டர் வண்டியில் இதைச் செய்வதற்கு நியாயம் உண்டு. நான்கு சிலிண்டர் வண்டியை எடுத்தால், முதல் செயின் தேய்ந்து மாற்றும் நாள்வரை நிறுவனம் கொடுத்த பற்களோடே ஓட்டுங்கள்.